வலீமா விருந்தும் நம் வீட்டுக் கணக்கும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன். புகழனைத்தும் அவனுக்கே உரியது. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!

 

சென்ற ஷவ்வால் மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் என் அறைக்கு வந்தார். சிறிய கடை வைத்துப் பிழைப்பவர். தம் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்கள் மூன்றை எடுத்து என் முன் வைத்தார். மூன்றும் மூன்று சமையல் ஒப்பந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல்கள். அவற்றுள் மிகக் குறைந்தது ஒரு தலைக்கு 400 ரூபாய். அழைக்கப்பட்டவர்களோ 900 பேர். “ஹஜ்ரத், உங்களுக்குத் தெரிந்த மலிவான பண்டாரி யாராவது இருக்கிறாரா?” என்று கேட்டார். சற்று மௌனமாக இருந்துவிட்டு, மனைவியின் நகைகளை அடகுக் கடைக்குக் கொண்டு போகும் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவதாகவும் சொன்னார்.

அவர் கேட்ட கேள்விதான் இன்றைய என் உரையின் பொருள். கல்யாண விருந்தைக் குறைந்த செலவில் நடத்துவது எப்படி? இது மார்க்கத்தோடு தொடர்பில்லாத உலக விஷயம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வட்டிக்குக் கடன் வாங்கும் வாசற்படி நம்மில் பலருக்கு இந்த விருந்துதான்.

கணக்கு எங்கே தவறுகிறது?

அன்றிரவு அந்தச் சகோதரரும் நானும் பாயில் அமர்ந்து கணக்குப் போட்டோம். தலைக்கு 400 ரூபாய் வீதம் 900 பேருக்கு 3,60,000 ரூபாய் ஆகிறது. மிகவும் மலிவான ஒருவரைத் தேடிப் பிடித்து, தலைக்கு 25 ரூபாய் குறைக்கச் செய்தோம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 22,500 ரூபாய். இதற்காக அவர் ஒரு மாத காலம் பல்லாவரத்திற்கும் கூடுவாஞ்சேரிக்குமாக அலைந்திருக்கிறார். அதே அழைப்புப் பட்டியலில் நூறு பெயர்களைக் குறைத்திருந்தால், ஒரே மாலைப்பொழுதில் 40,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே, அன்பர்களே, விருந்தின் விலையை முதலில் தீர்மானிப்பவர் சமையற்காரர் அல்லர். நம் கையிலுள்ள பட்டியலும், பிறர் என்ன சொல்வார்களோ என்ற நம் மனத்தின் அச்சமுமே அதைத் தீர்மானிக்கின்றன. பண்டாரியிடம் பேரம் பேசுகிற நாம், நம் மனத்தோடு பேரம் பேசத் துணிவதில்லை.

நம் ஜமாஅத்தின் அமைப்பையும் இங்கே கருத வேண்டும். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் துவங்கிய காலம் முதல், தெற்கேயிருந்து வருபவர்கள் இறங்கிக் குடியேறும் ஊராக இது வளர்ந்து வந்திருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி என்று பல ஊர்களின் மக்கள் நம் ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். ஹனஃபீகளும் இருக்கிறோம், ஷாஃபிஈகளும் இருக்கிறோம். ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊரின் விருந்தையும் உடன் கொண்டு வந்திருக்கிறோம். கடலோர ஊர்களில் பலர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் சஹன் சாப்பாடு; தஞ்சைப் பகுதியின் நெய்ச்சோறும் தாளிச்சாவும்; திண்டுக்கல் பக்கத்துச் சீரகச் சம்பா பிரியாணி; ஆம்பூர்ப் பக்கத்துப் பிரியாணியும் அதனோடு வரும் கத்தரிக்காயும்.

இவை ஒவ்வொன்றும் தன்னளவில் எளிய விருந்துதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு சோறு, ஒரு கறி, ஒரு தொடுகறி, ஓர் இனிப்பு. நகரத்திற்கு வந்த பின்னர் நாம் செய்த பிழை என்னவெனில், எல்லா ஊர் விருந்தையும் ஒரே இலையில் கூட்டிவிட்டோம். பிரியாணியோடு பரோட்டா, சிக்கன் 65, நுழைவாயிலில் பழச்சாறு, முடிவில் ஐஸ்கிரீம், பீடா. உண்பவரின் வயிறோ அன்றும் இன்றும் ஒரே அளவுதான். மிஞ்சியவை எங்கே போகின்றன என்பதை அறிய, விருந்து முடிந்த மண்டபங்களின் பின்வாசலுக்குச் சென்று பார்த்தால் போதும்.

நாயகம் (ஸல்) அவர்கள் நடத்திய விருந்துகள்

வலீமா சுன்னத்தானது. அதை நடத்துவது மணமகனின் பொறுப்பு. நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருமணங்களின்போது அளித்த விருந்துகளை ஹதீஸ் நூல்கள் நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளன. அவற்றைச் சமையல் கணக்காகவே இன்று பார்ப்போம்.

அன்னை ஜைனப் (ரலி) அவர்களை மணந்தபோது அளித்த விருந்தே அவர்களின் விருந்துகளுள் பெரியது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்தப் பெரிய விருந்துக்கு அறுக்கப்பட்டது ஒரே ஓர் ஆடு. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது கைபரிலிருந்து திரும்பும் வழி. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. தம்மிடம் இருப்பதைக் கொண்டு வருமாறு தோழர்கள் அழைக்கப்பட்டார்கள். ஒருவர் பேரீச்சம்பழம் கொணர்ந்தார். ஒருவர் நெய் கொணர்ந்தார். பாலாடைக் கட்டியும் சேர்ந்தது. அனைத்தையும் கலந்து உண்டார்கள். அதுவே அல்லாஹ்வின் தூதருடைய வலீமாவாக இருந்தது. வேறொரு மனைவியாரை மணந்தபோது இரண்டு முத்து வாற்கோதுமையே வலீமாவாக அமைந்ததென்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஒருமுறை அள்ளும் அளவு.

இந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். கையில் இருந்தது எதுவோ, அதுவே விருந்தாயிற்று. விருந்துக்காகக் கையில் இல்லாததைத் தேடிச் செல்லவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் ஓர் அன்ஸாரிப் பெண்மணியை மணந்தார்கள். அவருடைய ஆடையில் நறுமணச் சாயத்தின் அடையாளத்தைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்த பின்னரே திருமணம் நடந்த செய்தி தெரிய வருகிறது. ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமா கொடுக்குமாறு அவருக்குச் சொன்னார்கள். இந்த ஹதீஸை வலீமாவுக்கு ஆதாரமாக நாம் அடிக்கடி எடுத்துக் கூறுகிறோம். அதற்குள் இருக்கும் மற்றொரு பாடத்தை விட்டுவிடுகிறோம். ஒரே ஊரில் வாழ்ந்தும், அத்தனை நெருக்கமான தோழரின் திருமணத்திற்கு அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அழைக்கப்படவில்லை. அதற்காக அவர்கள் வருந்தவில்லை, கோபிக்கவில்லை, பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். நமக்கோ, ஒன்றுவிட்ட உறவினர் வீட்டுப் பத்திரிகை தபாலில் வந்தாலே மனவருத்தம். நேரில் வந்து வைக்கவில்லையே என்று. இந்த மனவருத்தத்திற்கு அஞ்சித்தான் 300 பேர் பட்டியல் 900 ஆகிறது.

என் தந்தையின் ஜனாஸா

என் சொந்த வீட்டின் செய்தி ஒன்றை முதன்முறையாக இந்த மேடையில் சொல்கிறேன். நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம். என் அக்காவின் திருமணத்தை என் தந்தையார் நடத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் தம் பக்கத்திலிருந்து இத்தனை பேர் வருவோம், இன்னின்ன பரிமாற வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். என் தந்தையார் மறுக்கவில்லை. அரிசியும் நெய்யும் மளிகைக் கடையில் கடனாக வந்தன. விருந்து மிகச் சிறப்பாக நடந்ததென்று ஊரே பேசியது. அந்தப் பேச்சு ஒரு வாரம் நீடித்தது. கடன் நீண்ட காலம் நீடித்தது.

சில ஆண்டுகளில் என் தந்தையார் மௌத்தானார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன், மரணித்தவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்கலாம் என்று அறிவிக்கும் வழக்கம் நமக்குள்ளது. அன்று அவ்வாறு அறிவிக்கப்பட்டபோது, பின் ஸஃப்பிலிருந்து அந்த மளிகைக் கடைக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார். தொகையைச் சொன்னார். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர் நல்ல மனிதர். நான் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டேன். என் முதல் இமாமத்துச் சம்பளத்திலிருந்து அதை அடைக்கத் துவங்கினேன். கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழ வைக்க நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழ வைத்ததும் நான் மத்ரஸாவில் ஓதிய பாடம்தான். அதன் பொருளை அன்றுதான் என் தோள் உணர்ந்தது. ஊரார் ஒரு வேளை உண்டு மறந்துவிட்ட நெய்ச்சோறு, என் தந்தையாரின் சந்தூக்குக்கு அருகில் வந்து நின்றது.

இத்தனையும் அறிந்திருந்தும், கடந்த பல ஆண்டுகளாக இத்தகைய விருந்துகளில் முதல் பந்தியில் எனக்கென ஒதுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்து உண்டிருக்கிறேன். பரக்கத் துஆச் செய்துவிட்டு மௌனமாகத் திரும்பியிருக்கிறேன். என் மௌனத்தையும் சேர்த்தே இன்று பேசுகிறேன்.

பெண் வீட்டு விருந்து

வலீமா மணமகனுக்கு உரியது என்று சொன்னேன். பெண்ணைப் பெற்றவர் தம் மனமுவந்து, தம் வசதிக்குட்பட்டு, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு உணவளிப்பதை யாரும் குறைகூற முடியாது. ஆனால் இத்தனை பேருக்கு, இன்ன மண்டபத்தில், இன்ன கறியோடு என்று மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை விதித்துப் பெறும் விருந்து சுன்னத்துமன்று, அன்பளிப்புமன்று. வரதட்சணைப் பணத்தை வாங்க வெட்கப்படுகிற நாம், அதையே பிரியாணியாக வாங்கி உண்ணும்போது வெட்கப்படுவதில்லை. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் எளிய நிக்காஹ்வுக்கான இயக்கத்தை நடத்தி, பதினோரு அம்ச உறுதிமொழியை வெளியிட்டதை நினைவூட்டுகிறேன். நிக்காஹ்வைப் பள்ளிவாசலில் எளிமையாக நடத்துவதும், வலீமாவில் ஏழைகளை அழைப்பதும் அதில் வலியுறுத்தப்பட்டவை. அந்த உறுதிமொழி நம் ஜமாஅத்தின் வாசலுக்கு வந்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடக்கக் கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது திருமணங்களில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாதென்று அரசு கட்டுப்பாடு விதித்தது. நானே அவ்வாண்டில் பல நிக்காஹ்களை நடத்தி வைத்தேன். முகக்கவசத்தோடு இரண்டு சாட்சிகள், வலீ, ஒரு தட்டுப் பேரீச்சம்பழம். அந்தத் தம்பதியர் இன்று தம் பிள்ளைகளை நம் மக்தபுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். விருந்து குறைந்ததால் அவர்களின் வாழ்வில் எது குறைந்துவிட்டது? அரசாணைக்கு அஞ்சிச் செய்ததை அல்லாஹ்வுக்கு அஞ்சிச் செய்ய நம்மால் முடியாதா?

ஒப்பந்தம் பேசும்போது

இனி, நடைமுறைச் செய்திகளுக்கு வருகிறேன். நம் பகுதியில் நெடுங்காலம் கல்யாணச் சமையல் செய்துவரும் பண்டாரிகளிடம் கேட்டறிந்தவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

ஒரு கிலோ அரிசி பிரியாணி ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் போதும். அரிசியைப் போல ஒன்றேகால் மடங்கு கறி போட்டால் இலையில் குறை தெரியாது. இக்கணக்கின்படி 320 பேருக்கு 36 கிலோ அரிசியும் 45 கிலோ கறியும் வேண்டும். அதாவது, 12 கிலோ வீதம் மூன்று தேக்சா. உடன் தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய், பிரட் அல்வா. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பொருள்களை நாமே வாங்கிக் கொடுத்து, பண்டாரிக்குக் கிலோக் கணக்கில் கூலி பேசும் பழைய முறை, முழு ஒப்பந்தத்தைவிடப் பெரும்பாலும் சிக்கனமானது. காய்கறியைக் கோயம்பேட்டிலோ மேற்குத் தாம்பரம் சந்தையிலோ அதிகாலையில் வாங்கலாம். ஆனால் நின்று பார்த்து வாங்க வீட்டில் இருவர் இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டார் முழு ஒப்பந்தம் கொடுப்பதே நலம்.

முழு ஒப்பந்தம் கொடுப்பவர்கள் தலைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாகாது. குறைந்தபட்சம் இத்தனை இலைக்குப் பணம் தர வேண்டுமென்ற நிபந்தனை உண்டா? பரிமாறுபவர் கூலி, பாத்திர வாடகை, எரிவாயு, குடிநீர், வாழையிலை, வரி ஆகியவை அத்தொகைக்குள் அடங்குமா? சிறுவர்களுக்குப் பாதிக் கணக்கா? இவற்றை எழுத்தில் பெற வேண்டும். மண்டபத்தைப் பதிவு செய்வதற்கு முன், வெளிச் சமையற்காரரை அனுமதிப்பார்களா, ஜெனரேட்டர் டீசலும் துப்புரவுக் கட்டணமும் தனியா என்பதையும் கேட்க வேண்டும். வாடகை குறைவென்று மண்டபத்தைப் பிடித்துவிட்டு, அவர்கள் சொல்லும் சமையற்காரரிடம்தான் சாப்பாடு என்றறிந்து திகைத்தவர்கள் நம்மிடையே உண்டு.

உணவுப் பாதுகாப்பு, தரநிலைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு 2011 முதல் நடைமுறையில் உள்ளது. விருந்துச் சமையல் செய்வோரும் அதன்படிப் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். அவர்களின் ரசீதில் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோகச் சிலிண்டரை விருந்துச் சமையலுக்குப் பயன்படுத்துவது குற்றம், ஆபத்துமாகும். 19 கிலோ வணிகச் சிலிண்டரே முறையானது. 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, பிளாஸ்டிக் தடவிய தட்டு, குவளை ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. வாழையிலையும் சஹன் தட்டும் நம் பாட்டனார் காலத்திலேயே அதற்கு விடை சொல்லிவிட்டன.

மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. சிக்கனம் என்ற பெயரில் உழைப்பவரின் வயிற்றில் கை வைத்துவிடக் கூடாது. ஒப்பந்தக்காரரை நாம் எல்லை மீறி நெருக்கினால், அவர் கறியைக் குறைப்பார். அல்லது விறகடுப்பின் முன் இரவெல்லாம் விழித்திருந்து தம் போடுகிறவரின் கூலியைக் குறைப்பார். வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டுமென்பது நம் நாயகத்தின் கட்டளை. பரிமாறிய பிள்ளைகளும், பாத்திரம் கழுவும் பெண்களும் கடைசியில் தேக்சாவைச் சுரண்டி உண்ணும் நிலை நம் விருந்துகளில் இருக்கக் கூடாது. அவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்தே அரிசியைப் போடுங்கள்.

அதுபோலவே, ஆண்கள் மூன்று பந்தி உண்டு முடித்த பின்னர் பெண்கள் பகுதிக்கு ஆறிய சோறும் எலும்பும் செல்வதைப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். திரைக்கு அப்பாலிருந்து இப்போது எழும் சலசலப்பே அதற்குச் சாட்சி. ஒரு தேக்சாவைப் பெண்களுக்கென ஒதுக்கி, இரு பகுதியிலும் ஒரே நேரத்தில் தம் உடைக்க வேண்டும். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் ஆகாது.

மிஞ்சும் உணவைப் பற்றி விருந்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். சமைத்த பிரியாணியை அறை வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருந்தால் கெட்டுவிடும். சூடு ஆறுவதற்குள் எங்கே அனுப்புவது என்பது முன்னரே பேசப்பட்டிருக்க வேண்டும். 2014-இல் கோவையில் துவங்கப்பட்ட நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் விருந்துகளில் மிஞ்சும் நல்ல உணவைப் பெற்றுப் பசித்தோருக்குச் சேர்க்கின்றன. ஆனால் மிஞ்சியதை ஏழைக்கு அனுப்புவது ஏழையை விருந்துக்கு அழைத்ததாக ஆகிவிடாது. செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் தீயது என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பட்டியலை எழுதும்போது அவர்களின் பெயர்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

ஜமாஅத் செய்யக் கூடியது

தனி மனிதர் ஒருவரால் ஊர் வழக்கத்தை எதிர்த்து நிற்பது கடினம். ஜமாஅத் துணை நின்றால் எளிது. நம்மிடம் ஆற்றல் இல்லையா? ஒவ்வொரு ரமலானிலும் முப்பது நாளும் அஸருக்கு முன்பே நூற்றுக்கணக்கானோருக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். தமிழக அரசு 2001 முதல் இதற்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நம் இளைஞர்கள் மதம் பாராமல் வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு சென்றார்கள். எந்த ஒப்பந்தக்காரரையும் நாம் அப்போது தேடவில்லை. அடுப்பு மூட்டத் தெரிந்த ஜமாஅத் இது.

எனவே நிர்வாகக் குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, கல்யாணப் பாத்திரங்கள். பழைய ஊர்களில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான பாத்திர அறை ஒன்று இருக்கும். ஏழையும் பணக்காரரும் அதே தேக்சாவில்தான் சமைப்பார்கள். நம் கஞ்சி அண்டாக்களை அதற்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அவை கஞ்சிக்கென்று வக்ஃப் செய்யப்பட்டவை. வக்ஃப் செய்தவரின் நிபந்தனையை நாம் மாற்ற இயலாது. ஆகவே, இந்நோக்கத்திற்கென்றே தேக்சா, சஹன், ஜக்கு, விரிப்பு ஆகியவற்றைப் புதிதாக வக்ஃப் செய்ய வசதியுள்ளோர் முன்வர வேண்டும்.

இரண்டாவது, நம்பகமான பண்டாரிகளின் பட்டியலும், ஆண்டுதோறும் அவர்களோடு பேசி முடிவு செய்த கூலி விவரமும் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தந்தையும் தனித்தனியே அலைய வேண்டிய அவசியம் இராது.

மூன்றாவது, ஒரே விருந்து, ஓர் உணவு, ஓர் இனிப்பு என்ற வரையறையை ஜமாஅத்தின் வேண்டுகோளாகத் தீர்மானம் செய்து நிக்காஹ் பதிவின்போதே இரு வீட்டாரிடமும் கொடுக்க வேண்டும். ஜமாஅத் சொல்கிறது என்ற ஒரு வார்த்தை, உறவினர் முன் கூசி நிற்கும் ஓர் ஏழைத் தந்தைக்குப் பெரும் கேடயமாகும்.

நான்காவது, இத்தீர்மானத்தை முதலில் நிறைவேற்ற வேண்டியவர்கள் வசதியற்றவர்கள் அல்லர். மேடையில் அமர்ந்திருக்கும் நாமும், நம்மில் வசதி படைத்தவர்களும்தான். ஆயிரம் பேருக்கு விருந்து வைக்க வசதியுள்ளவர் 300 பேரோடு நிறுத்திக்கொண்டால், மற்றவர்களுக்கு அது வழியாகும். வசதியற்றவர் மட்டும் நிறுத்தினால் அது அவருக்கு இழிவென்றே பேசப்படும்.

அந்தச் சகோதரரின் வீட்டுத் திருமணம்

துவக்கத்தில் நான் கூறிய சகோதரரின் செய்தியைச் சொல்லி நிறைவு செய்கிறேன். மறுநாள் முத்தவல்லி அவர்களும் நானும் மாப்பிள்ளையின் தந்தையாரைச் சந்தித்தோம். அவர் முதலில் முகம் சுளித்தார். பின்னர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, தம் மூத்த மகளின் திருமணக் கடனைத் தாமும் இன்னும் அடைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். இரு வீட்டாரின் பட்டியலையும் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். 320 பேர் எஞ்சினார்கள். அஸருக்குப் பின் நம் பள்ளியில் நிக்காஹ். பெண் வீட்டார் பேரீச்சம்பழமும் தேநீரும் கொடுத்தார்கள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரின் வலீமா, மூன்று தேக்சா. சாப்பாடு போதாமல் எவரும் எழுந்து போகவில்லை. அடகுக் கடைக்குப் போக இருந்த நகைகள் அந்தத் தாயின் கழுத்திலேயே இருந்தன.

எல்லாம் இனிதாக முடிந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அழைக்கப்படாத உறவினர் ஒருவர் அந்தச் சகோதரரோடு மூன்று மாதங்கள் பேசவில்லை. பெருநாளன்று தொழுகை முடிந்ததும் இவரே சென்று முஸாஃபஹா செய்து கட்டியணைத்தார். இப்போது பேசிக்கொள்கிறார்கள். மனிதரின் வருத்தம் மூன்று மாதத்தில் தீர்ந்துவிட்டது. கடனாக இருந்திருந்தால் அத்தனை விரைவில் தீர்ந்திருக்காது.

இறுதியாக, என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று முதல், பெண் வீட்டாரை நிபந்தனையால் நெருக்கி வாங்கப்படும் விருந்தென்று நான் அறிந்தால், அந்த நிக்காஹ்வை நடத்தி வைப்பேன், துஆச் செய்வேன், உண்ணாமல் வீடு திரும்புவேன். என்னைத் தவறாக எண்ண வேண்டாம். முதல் பந்தியில் ஓர் இருக்கை காலியாக இருந்தால், அது யாருடையது, ஏன் காலியாக இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் திருமணங்களை எளிதாக்கி வைப்பாயாக! எங்கள் இல்லங்களில் பரக்கத்தைப் பொழிவாயாக! கடனின் சுமையிலிருந்தும், பிறர் பார்க்க வேண்டுமென்று செய்யும் செயல்களிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்களுக்கு முன் சென்றுவிட்ட பெற்றோரின் கடன்களையும் பிழைகளையும் மன்னித்தருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.